தோளில் விழும் உதை



"துப்பாக்கி சுடும்போது உதைக்குமாமே மாமா, ரொம்ப வலிக்குமா?" என்று போன மாதம் என் தங்கை மகன் கேட்டான். ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறான். நட்டு இரண்டு வருடமான கன்றுகளைக் காட்டுப்பன்றி குடைந்து குருத்தைத் தின்றுவிட்டுப் போகிறது. வேலி போட்டுப் பார்த்தான், பழைய டயரைக் கொளுத்திப் பார்த்தான், இரவெல்லாம் தகரம் தட்டிப் பார்த்தான். பன்றி எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டது. இப்போது துப்பாக்கி உரிமத்துக்குக் காவல் நிலையத்தில் மனுப் போட்டிருக்கிறான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. என் கை தானாக வலது தோளுக்குப் போயிற்று. இப்போது அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் 1976ஆம் ஆண்டில் ஒரு நாள், அந்த இடத்தில் கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. கோடாலித் தைலம் போட்டு அதைத் தேய்த்துவிட்டது என் அம்மா. அந்தக் கதையை அவனிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன். உங்களில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டிருக்க மாட்டீர்கள். தொட வேண்டிய தேவையும் உங்களுக்கு வராமல் இருக்கட்டும். ஆனால் சொந்த நிலம் வைத்திருக்கும் அண்ணன் தம்பியோ, போலீசிலும் பட்டாளத்திலும் சேர்ந்த பிள்ளையோ இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மாமாவின் ஒற்றைக் குழல்

என் தாய்மாமாவுக்குத் தோட்டத்து எல்லையை ஒட்டி இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. மரவள்ளியும் வாழையும் போட்டிருந்தார். முறையான உரிமத்தோடு ஒரு துப்பாக்கியும் வைத்திருந்தார். ஒற்றைக் குழல், பன்னிரண்டு போர். நடுவில் மடங்கும். மலாய்க்காரர்கள் 'செனாப்பாங் பாத்தா' என்பார்கள். எடை இரண்டே முக்கால் கிலோகூட இராது. நாள் முழுதும் தோளில் மாட்டிக்கொண்டு புதர்க்காட்டைச் சுற்றினாலும் சுமை தெரியாது. துப்பாக்கி வாங்குகிறவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். தூக்கும்போது சுகம் தருகிற அந்த இலேசு, சுடும்போது நம்மையே திருப்பி அடிக்கும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

எனக்கு அப்போது இருபது வயது. மாமாவை நச்சரித்து ஒரு மத்தியானம் துப்பாக்கியை வாங்கிவிட்டேன். உரிமம் அவர் பெயரில், கை என் கை. அதுவே முதல் தவறு. ஓர் எண்ணெய் டின்னை மண்மேட்டில் வைத்துச் சுட்டேன். உதைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன் அல்லவா? அதனால் கட்டையைத் தோளில் அழுத்தாமல் ஒரு விரல் இடைவெளி விட்டுப் பிடித்தேன். தொடாமல் இருந்தால் வலிக்காது என்று என் புத்தி சொல்லிற்று. விசையை இழுத்ததும் யாரோ உலக்கையால் இடித்தது போல் இருந்தது. என் கட்டைவிரலே என் மூக்கில் மோதி இரத்தம் வந்தது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன மாப்பிள்ளே, டின்னு நின்னுக்கிட்டு இருக்கு, நீ உட்கார்ந்துட்டே!" என்றார். ரோஷத்தில் இன்னும் மூன்று தோட்டா சுட்டேன். நான்கில் ஒன்றும் டின்னில் படவில்லை.

அதே வாரம், பொழுது சாயும் நேரம். வாழைக்குப் பன்றி இறங்கியிருந்தது. மாமா தமக்குக் கண் சரியில்லை என்று சொல்லித் துப்பாக்கியை என்னிடமே கொடுத்தார். உள்ளே எஸ்.ஜி. தோட்டா. பெரிய ஈயக் குண்டுகள் வழக்கமாக ஒன்பது இருக்கும். இருபது அடித் தூரத்தில் கொழுத்த ஆண் பன்றி, பக்கவாட்டில் நின்றது. அவ்வளவு பெரிய உடம்பைத் தவறவிட முடியாது. ஆனால் விசையில் விரல் படும்போதே என் கண் மூடிக்கொண்டது. தோள் பின்னால் இழுத்துக்கொண்டது. குழல் தாழ்ந்தது. வெடித்தது. பன்றி ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பின்னங்காலை இழுத்துக்கொண்டு இரப்பர்த் தோட்டத்துப் பக்கம் ஓடிற்று.

டார்ச் அடித்து ஒரு மணி நேரம் தேடினோம். காய்ந்த இலைமேல் இரத்தச் சொட்டு, தோட்டத்து எல்லைக் கானு வரைக்கும் போயிற்று. அதற்குமேல் இருட்டு. "காலையில பார்த்துக்கலாம் மாப்பிள்ளே" என்றார் மாமா. மண்டோரிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. சொன்னால், சுட்டது யார் என்ற கேள்வி வரும். மாமாவின் உரிமம் போய்விடும், என்னையும் பிடித்துக்கொண்டு போவார்கள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அன்று இரவுதான் அம்மா தைலம் தேய்த்தது. "என்னடா இது?" என்று கேட்டாள். "மாமா நிலத்துல வாழைத்தார் தூக்கினேன்" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் விடியுமுன் பிரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா தன் நிரைக்குப் போனாள். எல்லைக் கானுக்கு அடுத்த நிரை அது. பத்துப் பன்னிரண்டு மரம்கூட வெட்டியிருக்க மாட்டாள். கானுக்குள் படுத்துக் கிடந்த பன்றி, விளக்கு வெளிச்சத்தைக் கண்டு எழுந்து வந்துவிட்டது. கெண்டைக்காலைக் கணுவிலிருந்து முழங்கால் வரைக்கும் தந்தத்தால் கிழித்தது. பக்கத்து நிரைப் பெண்கள் வாளியைத் தட்டிக் கூச்சல் போட்டிராவிட்டால் உயிரே போயிருக்கும். முப்பத்திரண்டு தையல். இரண்டு மாதம் சம்பளம் இல்லை. அதன் பிறகு அம்மா நடக்கும்போது இடது கால் சற்றுச் சாய்ந்தே விழும்.

ஒரு துப்பாக்கி உதைத்தது, ஒரு பையன் பயந்தான். நடந்தது அவ்வளவுதான். அதற்கு விலை கொடுத்தது வேறு ஆள்.

ஏன் உதைக்கிறது?

சம்பானிலிருந்து கரைக்குத் தாவியிருக்கிறீர்களா? நீங்கள் முன்னால் தாவும்போது சம்பான் பின்னால் போகும். சிறிய சம்பான் என்றால் வேகமாகப் போகும். பெரிய தொங்காங் என்றால் அசைவதே தெரியாது. துப்பாக்கியும் அதே கணக்குத்தான். நியூட்டன் 1687இல் எழுதி வைத்த விதி: ஒன்றை முன்னால் தள்ளினால், தள்ளியது அதே அளவு பின்னால் தள்ளப்படும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு தோட்டாவில் 32 கிராம் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போகிறது. மாமாவின் துப்பாக்கி 2,700 கிராம். ஈயத்தைவிட 84 மடங்கு கனம். ஆகவே ஈயத்தின் வேகத்தில் 84இல் ஒரு பங்கு வேகத்தோடு துப்பாக்கி பின்னால் வரவேண்டும். அது வினாடிக்கு 4.7 மீட்டர். தோட்டாவின் உள்ளடைப்பும், எரிந்த மருந்தின் புகையும் சேர்ந்து முன்னால் பாய்கின்றன. அவற்றையும் கூட்டினால் 5 மீட்டரைத் தாண்டும். மணிக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வேகத்தில் வரும் சைக்கிள். இரண்டே முக்கால் கிலோ மரமும் இரும்பும் சைக்கிள் வேகத்தில் வந்து தோளில் மோதினால் எப்படி இருக்கும்? நான் விட்ட ஒரு விரல் இடைவெளியில் துப்பாக்கி அந்த வேகத்தை எடுத்துக்கொண்டு வந்து மோதியது. இறுக அணைத்துப் பிடித்திருந்தால் துப்பாக்கியோடு என் உடம்பும் சேர்ந்துகொண்டிருக்கும். அடி, தள்ளலாக மாறியிருக்கும்.

இதே தோட்டாவை மூன்றரைக் கிலோத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், உதையின் சக்தி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் சிலர் கட்டையின் பின்புறத்தில் குழி தோண்டி ஈயம் வைத்து மூடிக்கொள்கிறார்கள். அரைக் கிலோ கூடினாலே ஆறில் ஒரு பங்கு உதை குறையும்.

இன்னொரு செய்தி கேளுங்கள், இதை நம்பப் பலருக்குச் சிரமம். ஈயம் குழலின் வாயைத் தாண்டும் அந்தக் கண நேரத்தில், துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். பெரிய உதை வந்து நம்மை ஆட்டும்போது ஈயம் எப்போதோ போய்விட்டது. ஆகவே "உதைத்ததால் குறி தவறிவிட்டது" என்று சொல்கிறவர்களில் பலர் தவறாகச் சொல்கிறார்கள். உதை வரப்போகிறதே என்று முன்கூட்டியே நாம் குலுங்குகிறோம். குறியைக் கெடுப்பது அந்தக் குலுக்கல்தான்.

அவசர காலத்துக் குட்டைத் துப்பாக்கி

என் பெரியப்பாவுக்கு மாமாவின் துப்பாக்கிமேல் மரியாதையே கிடையாது. "இதெல்லாம் ஒரு உதையா? நான் வாங்கின உதையைப் பார்த்திருக்கணும்" என்பார். அவர் அவசர காலத்தில் எஸ்.சி.யாக இருந்தவர். இளம் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் அருகே மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயா முழுதும் அவசர காலம் பிரகடனமாயிற்று. அது முடிய 1960 ஜூலை 31 ஆயிற்று. லயன்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, சோற்றுப் பொட்டலத்தைக்கூட வாசலில் சோதனை போடுவது எல்லாம் அந்தக் காலத்துக் கதை. தோட்டங்களைக் காவல் காக்க ஆயிரக்கணக்கான தனிக் காவலர்களைச் சேர்த்தார்கள். அவர்களைத்தான் எஸ்.சி. என்று சொல்வது.

மலாயாவில் பட்டாளமும் போலீசும் ஏந்திய துப்பாக்கிகளில் ஒன்று லீ என்ஃபீல்டு ஐந்தாம் எண். 'ஜங்கிள் கார்பைன்' என்று அதற்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்தைய நான்காம் எண் துப்பாக்கி நான்கு கிலோவுக்குச் சற்று மேல். காட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடக்க அது நீளம், கனம் என்று சொல்லி, 1944இல் குழலைக் குட்டையாக்கி, மரத்தைச் செதுக்கி, இரும்பைக் குடைந்து, எடையை 3.2 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். குண்டு மட்டும் அதே .303 குண்டு. மருந்தும் அதே மருந்து. விளைவு என்ன ஆகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். உதை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடிவிட்டது. குட்டைக் குழலின் வாயில் தீ பெரிதாகப் பூத்தது. அதை மறைக்கப் புனல் போன்ற ஒரு மூடியைக் குழலின் நுனியில் மாட்டினார்கள்.

உதையைத் தணிக்க என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டையின் அடியில் இரப்பர் வைத்தார்கள். நம் இரப்பர் என்று பெருமைப்பட வழியில்லை. 1944இல் மலாயாவின் மரங்கள் எல்லாம் ஜப்பான்காரன் கையில் இருந்தன. ஒருவேளை இலங்கைத் தோட்டத்தில் நம்மவர்கள் வெட்டிய பாலாக இருக்கலாம், யார் கண்டது! ஆனால் அந்த இரப்பரிலும் ஒரு கோளாறு. கட்டையின் முழு அகலத்துக்கும் வைக்காமல் ஒடுக்கமாக வைத்துவிட்டார்கள். நாளாக நாளாக அது காய்ந்து கல்லாயிற்று. அகலமான பரப்பில் விழ வேண்டிய அடி, ஒடுங்கிய இடத்தில் விழுந்தது. தணிக்க வைத்த சாமானே குத்தும் சாமானாகிவிட்டது. "இரப்பர் இருந்தும் அடி, இல்லாட்டியும் அடி" என்பார் பெரியப்பா. அந்தத் துப்பாக்கிக்குக் குறி நிலைக்கவில்லை என்ற புகாரும் சேர, 1947இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். பிற்பாடு அவற்றில் நிறைய, வெளிநாடுகளில் வேட்டைக்காரர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இலேசாக இருக்கிறதே என்று அவர்களும் ஆசைப்பட்டுத்தான் வாங்கியிருப்பார்கள்.

பெரியப்பா சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிற்காலத்தில் உதவிற்று. புதிதாகச் சேர்ந்தவர்களைப் படுத்துச் சுடச் சொல்லும்போதுதான் தோள் அதிகம் புண்ணாகுமாம். நின்று சுட்டால் உடம்பு நாணல் போல ஆடி உதையை வாங்கிக்கொள்ளும். படுத்தால் உடம்பு ஆட இடம் இல்லை, அத்தனையும் தோளுக்கே.

பயத்தைக் கண்டுபிடிக்கும் பொய்த் தோட்டா

அம்மாவுக்கு அப்படி ஆன பிறகு எட்டு வருடம் நான் துப்பாக்கிப் பக்கம் போகவில்லை. 1984இல் எனக்கே நிலம் வந்து, பன்றித் தொல்லையும் வந்து, முறைப்படி உரிமம் எடுத்தேன். இந்த முறை பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். அவர் என்னைச் சுடச் சொல்லவில்லை. முதலில் இரண்டு வாரம் வெறும் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்து இறக்கச் சொன்னார். பிறகு சுடுதளத்துக்கு அழைத்துப் போனார். தாமே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டா போட்டு மூடிக் கொடுப்பார். உள்ளே இருப்பது நிஜத் தோட்டாவா, மருந்தில்லாத பொய்த் தோட்டாவா என்று எனக்குத் தெரியாது. நான் குறி பார்த்து விசையை இழுக்க வேண்டும்.

முதல் தோட்டா பொய். 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்தது. ஆனால் என் குழலோ ஒரு சாண் கீழே குத்திக்கொண்டு நின்றது! கண் மூடியிருந்தது. தோள் பின்னுக்கு ஓடியிருந்தது. அவர் சிரிக்கவில்லை. "பார்த்தீங்களா தம்பி, இது உதைக்கவே இல்லை. உதைச்சது நீங்க" என்றார். எனக்கு அந்த வாழைத் தோப்பும் அந்தி வெளிச்சமும் கண்முன் வந்து நின்றன. பேச்சு வரவில்லை.

இந்தப் பொய்த் தோட்டா முறையைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. நிஜமும் பொய்யும் கலந்து வர வர, எது வரும் என்று உடம்புக்குத் தெரியாமல் போகிறது. தெரியாத அடிக்கு முன்கூட்டியே குலுங்க முடியாது. நாளடைவில் குழல் அசையாமல் நிற்கப் பழகுகிறது. ஒரே நாளில் இருபது முப்பது தோட்டா சுட்டுத் தோளை இரும்பாக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தலைகீழ். தோள் வலிக்கத் தொடங்கியபின் சுடுகிற ஒவ்வொரு தோட்டாவும் பயத்தைத்தான் கற்றுக்கொடுக்கும். ஐந்தாறோடு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவது மேல். பழகும்போது 24 அல்லது 28 கிராம் ஈயம் உள்ள இலேசான தோட்டாவே போதும். ரைபிள் பழகுகிறவர் .22இல் தொடங்கலாம். அதன் உதை, கதவைத் தட்டுகிற அளவுகூட இராது.

சிறிய துப்பாக்கி என்றால் இழிவு என்று எண்ண வேண்டாம். 2004இல் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சியில் நம் பெண்பிள்ளைகளும் எம்-16 சுட்டுவிட்டு வந்து, "அவ்வளவுதானா?" என்று கேட்டார்கள். அதன் குண்டு நான்கு கிராம்கூட இல்லை. கட்டை குழலோடு ஒரே கோட்டில் இருப்பதால் துள்ளலும் குறைவு. சிங்கப்பூர் வாசகர்களின் பிள்ளைகள் தேசிய சேவையில் ஏந்துவதும் அந்த வகைச் சிறு குண்டுத் துப்பாக்கிதான். அதைச் சுட்ட தைரியத்தில் பன்னிரண்டு போரை அலட்சியமாகப் பிடித்தால் மூக்கு உடையும்.

பிடிக்க வேண்டிய பிடி

என் மருமகனை வீட்டு வாசலில் ஒரு விறகுக் கட்டையை வைத்துக்கொண்டு நிற்க வைத்துக் காட்டினேன். வலக்கைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை முன்னால் நீட்டித் தூக்கினால், கழுத்தெலும்புக்குக் கீழே, தோள் மூட்டுக்கு உள்பக்கமாக ஒரு குழி விழும். அந்தச் சதைக் குழியில்தான் கட்டை உட்கார வேண்டும். வெளியே தள்ளிக் கைச் சதையில் வைத்தால் கன்றிப் போகும். மேலே ஏற்றி எலும்பில் வைத்தால் கழுத்தெலும்புக்கு ஆபத்து. இடது கால் முன்னால், முழங்கால் சற்று மடங்கி, உடம்பின் பாரம் முன்னங்காலில். எதிர்க்காற்றில் நடக்கிறவன் சாய்கிற அளவுக்குச் சாய்ந்தால் போதும். பயந்தவன் எப்போதும் பின்னால் சாய்வான். பின்னால் சாய்ந்தவனை உதை தூக்கி உட்கார வைத்துவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

முன்கை துப்பாக்கியைத் தோளோடு சேர்த்து இழுத்து வைத்திருக்க வேண்டும். கை நடுங்குகிற அளவுக்கு அல்ல, குழந்தையின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கிற அளவுக்கு. கன்னம் கட்டையில் அழுந்தி இருக்கட்டும். கன்னத்துக்கும் கட்டைக்கும் இடைவெளி விட்டால் தோளில் நடந்த அதே கதை கன்னத்தில் நடக்கும். விசையைச் சுண்டக் கூடாது. மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். எப்போது வெடித்தது என்று உங்களுக்கே சற்று ஆச்சரியமாக இருக்க வேண்டும். வெடித்த பிறகும் கண்ணைத் திறந்தே வைத்து, குறியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பரணில் உட்கார்ந்து சுடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். காலுக்குக் கீழே பிடிமானம் இல்லாத இடத்தில் முதுகுக்கு ஒரு மரத்தையாவது சாய்மானமாக வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியால் சாகாமல் பரணிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். தொலைநோக்கி பூட்டிய ரைபிள் என்றால் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எட்டுப் பத்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கண்ணை ஒட்டி வைத்துச் சுட்டவர்களின் புருவத்தில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு இருக்கும். கேட்டால் வேறு ஏதாவது காரணம் சொல்வார்கள்.

கட்டையின் நீளமும் ஆளுக்கு ஆள் பொருந்த வேண்டும். கட்டையின் அடியை முழங்கையின் உள் மடிப்பில் வைத்தால் சுட்டுவிரல் விசைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு நீளம். ஆறடி ஆளுக்குச் செய்ததை நம் குட்டையான ஆட்கள் பிடித்தால் கட்டை குழியில் உட்காராது. கட்டை அடியில் நல்ல மெத்தென்ற இரப்பர் போடுவது மிகவும் நல்லது. ஆனால் அது நீளத்தையும் கூட்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

தோட்டா வாங்கும்போது கவனம். பழைய துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்தவை. இப்போது கடையில் அதிகம் கிடைப்பது 70. போட்டால் உள்ளே போய்விடும், அதுதான் வம்பு. வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். உதையும் ஏறும், குழலே பிளந்தாலும் பிளக்கும். குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உதை என்று நாம் நினைப்பதில் பாதி சத்தம். இப்படிப்பட்ட துப்பாக்கியின் வெடிச் சத்தம் 150 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். 140க்கு மேல் ஒரே ஒரு வெடிகூடக் காதின் உள் நரம்பைக் கெடுக்கக் கூடியது. கெட்டது திரும்ப வராது. பஞ்சு போதாது. காதை மூடும் உறையோ செருகியோ போட்டுக்கொண்டு சுட்டுப் பாருங்கள். அதே தோட்டா, அதே துப்பாக்கி, உதை பாதியாகிவிட்டது போல் இருக்கும். உடம்பு குலுங்குவதற்குச் சத்தமும் ஒரு பெரிய காரணம். பெரியப்பாவிடம் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். மாமாவிடம் மூன்று முறை.

உரிமம் உள்ளவர் கை

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971இல் வந்த தண்டனை கூட்டும் சட்டத்தின் கீழ் போனால் பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறு பிரம்படிக்குக் குறையாமலும் கிடைக்கும். மாமா மருமகனுக்குக் கொடுப்பது, அண்ணன் தம்பிக்குக் கொடுப்பது எதுவும் செல்லாது. காட்டுப்பன்றியைச் சுடுவதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

சுட்ட பன்றி விழாமல் ஓடிவிட்டால் என்ன செய்வது? இருட்டில் பின்தொடராதீர்கள். ஓடிய திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று இரவே அந்தப் பக்கத்துத் தோட்டத்து மண்டோர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எந்த நிரைப் பக்கம் போயிற்று, எங்கே அடிபட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். நள்ளிரவானாலும் தட்டுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அந்த நிரைக்கு யாரையும் அனுப்பமாட்டார்கள். இதை என் மருமகனிடம் மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"பாட்டிக்குத் தெரியுமா மாமா, சுட்டது நீங்கதான்னு?" என்று கடைசியில் அவன் கேட்டான்.

அம்மா 1999இல் காலமானாள். அதற்கு முந்தின வருடம் தீபாவளிக்கு, இதே பையன் சிறு பிள்ளை, பொட்டு வெடித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடிக்கொண்டிருந்தான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு ராத்திரி வாழைத்தார் தூக்கினேன்னு சொன்னியே, எந்தத் தோள்ல தூக்கினே?"

இருபத்திரண்டு வருடம் கழித்து வந்த கேள்வி. நான் வலது தோளைத் தொட்டுக் காட்டினேன்.

"நீ எதையும் இடது தோள்லதானேடா தூக்குவே" என்றாள்.